மணல் விழும்போது கடிகாரத்தின் எடை என்ன ஆகும்?

ஒரு மணல் கடிகாரம். மேல் குடுவை நிறைய மணல், நடுவில் குறுகிய கழுத்து, கீழே காலிக் குடுவை. கழுத்தை ஒரு சின்ன அடைப்பு மூடியிருக்கிறது. இதை அப்படியே துல்லியமான ஒரு தராசில் வைத்து எடை பார்க்கிறோம். பிறகு, கடிகாரத்தைத் தொடாமலே அடைப்பு தானாகத் திறந்துகொள்ளும்படி செய்கிறோம். மணல் சரசரவென்று கீழே இறங்குகிறது. அது விழுந்துகொண்டிருக்கும்போது தராசு காட்டும் எண் முன்பைவிடக் குறையுமா, கூடுமா, மாறாமல் இருக்குமா?

இயற்பியல் படித்தவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடிவிடும். "குறையும், அந்தரத்தில் இருக்கும் மணல் தராசை அழுத்தவில்லையே" என்பார் ஒருவர். "மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு துகள்கூட வெளியே போகவில்லை, எப்படி மாறும்?" என்பார் இன்னொருவர். "மணல் வேகமாக வந்து மோதுகிறதே, கூடத்தான் செய்யும்" என்று மூன்றாமவர் சொல்வார். மூன்று பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரும் தராசு எதை அளக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்கு அடியில் ஓர் உலோகக் கட்டை இருக்கும். லோடு செல் என்பார்கள். தட்டை அழுத்தினால் அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழைகள் கூடவே நீளும், அவற்றின் மின்தடை மாறும், அந்த மாற்றம் திரையில் எண்ணாக வரும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தட்டில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தட்டு இந்தக் கணத்தில் எவ்வளவு விசையோடு அழுத்தப்படுகிறது என்பது மட்டுமே தெரியும். பொருள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் இரண்டும் ஒன்றுதான். அசைந்தால் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முள் வைத்த பழைய எடைக் கருவி கிடைத்தால் அதன்மேல் நின்று சட்டென்று குந்திப் பாருங்கள். உட்காரத் தொடங்கும் கணத்தில் முள் கீழே போகும். கீழே போய் நிற்கும்போது உங்கள் எடையைத் தாண்டி மேலே எகிறும். அப்புறம் பழைய இடத்துக்கே வந்துவிடும். உங்கள் உடம்பில் எதுவும் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. உடல் கீழ்நோக்கி வேகமெடுத்தபோது தட்டின் மேல் அழுத்தம் குறைந்தது. அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தியபோது அழுத்தம் கூடியது. லிஃப்டில் நடப்பதும் இதுவே. 60 கிலோ எடையுள்ள ஒருவர் லிஃப்டுக்குள் எடைக் கருவியின் மேல் நிற்கிறார். லிஃப்ட் விநாடிக்கு விநாடி 1 மீட்டர் வீதம் வேகமெடுத்து மேலே கிளம்பும் அந்தச் சிறு நேரத்தில் கருவி சுமார் 66 கிலோ காட்டும். வேகம் நிலைத்த பிறகு, லிஃப்ட் எத்தனை வேகமாக ஓடினாலும், 60தான் காட்டும். வேகம் இருப்பது தராசைப் பாதிக்காது, வேகம் மாறுவதுதான் பாதிக்கும். இந்த ஒரு வரியைத் தலைக்குள் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் கணக்குத்தான்.

கொஞ்சம் முறையாகவே சொல்லிவிடலாம். ஒரு பெட்டிக்குள் பல பொருள்கள் பல திசையில் ஓடிக்கொண்டிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து நிறை மையம் என்று ஒரு புள்ளி உண்டு, மொத்த நிறையின் சராசரி இடம் அது. அந்தப் புள்ளியின் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், மேல்நோக்கி இருந்தால் தராசு கூட்டிக் காட்டும், கீழ்நோக்கி இருந்தால் குறைத்துக் காட்டும், முடுக்கம் இல்லையென்றால் சரியான எடையைக் காட்டும். எவ்வளவு கூடும் என்றால், மொத்த நிறையை அந்த முடுக்கத்தால் பெருக்கினால் வரும் விசை அளவு. நியூட்டனின் இரண்டாம் விதிதான் இது, வேறெதுவும் இல்லை. பெட்டிக்குள் யார் யாரை இடிக்கிறார்கள் என்ற விவரம் எதுவும் இந்தக் கணக்குக்குத் தேவைப்படாது.

சரி, மணலுக்கு வருவோம். கையில் எண்கள் இருந்தால் நல்லது. குடுவைகள் இரண்டும் குழாய் போல நேராக இருப்பவை, குறுக்குவெட்டுப் பரப்பு 20 சதுர செ.மீ. மணல் 600 கிராம். மணலின் அடர்த்தியை ஒரு கன செ.மீ.க்கு 1.5 கிராம் என்று வைத்தால் அது மேல் குடுவையில் 20 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். கீழ்க் குடுவையின் ஆழம் 25 செ.மீ. விநாடிக்கு 10 கிராம் வீதம் இறங்குகிறது, ஆக 60 விநாடியில் தீரும். புவியீர்ப்பு முடுக்கத்தை விநாடிக்கு விநாடி 10 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம், மனக்கணக்குக்குச் சுலபம்.

மணல் கொஞ்ச நேரம் ஓடி, கீழே குவிந்த மணலின் பரப்புக்கும் கழுத்துக்கும் இடையே 20 செ.மீ. மிச்சம் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். 20 செ.மீ. விழ ஒரு துகளுக்கு 0.2 விநாடி ஆகும். விநாடிக்கு 10 கிராம் என்றால், எந்தக் கணத்தில் பார்த்தாலும் 2 கிராம் மணல் அந்தரத்தில் இருக்கிறது. "குறையும்" என்றவர் சொன்ன 2 கிராம் இதுதான். மறுபக்கம், விழும் மணல் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் குவியலில் மோதி நிற்கிறது. விநாடிக்கு 0.01 கிலோ, 2 மீட்டர் வேகம்: பெருக்கினால் 0.02 நியூட்டன். அதாவது 2 கிராம் எடைக்குச் சமமான மோதல் விசை. "கூடும்" என்றவர் சொன்னது இது. இரண்டும் அச்சாகச் சரிசமம்! உயரத்தை 5 செ.மீ. ஆக்கினாலும் 1 மீட்டர் ஆக்கினாலும் இந்தச் சமன்பாடு மாறாது. உயரம் கூடினால் அந்தரத்தில் இருக்கும் மணலும் கூடும், மோதும் வேகமும் அதே விகிதத்தில் கூடும்.

ஆக, எடை மாறாது என்ற கட்சி ஜெயித்துவிட்டது போலத் தெரிகிறது. பல பாடப்புத்தக விடைகளும் இந்த இடத்தில் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடும். எனக்கு இந்தப் புதிர் பிடிப்பதே இதற்கு அடுத்த பகுதியால்தான்.

மேலே போட்ட கணக்கில் ஒன்றை விட்டுவிட்டோம். விழும் தாரையை மட்டும் பார்த்தோம். மேல் குடுவையில் இருக்கும் மணலும் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, கீழே குவியலின் பரப்பும் மெல்ல மேலேறிக்கொண்டு இருக்கிறது. இவற்றையும் சேர்க்க நிறை மையத்தையே நேரடியாகப் பிடிப்பது வசதி.

ஒரு விநாடியில் என்ன நடக்கிறது என்று மொத்தமாகப் பாருங்கள். மேல் மணலின் உச்சியிலிருந்து 10 கிராம் அளவுக்கு ஒரு மெல்லிய அடுக்கு காணாமல் போகிறது. கீழ்க் குவியலின் உச்சியில் 10 கிராமுக்கு ஓர் அடுக்கு புதிதாகச் சேருகிறது. இடையில் இருப்பதெல்லாம் பார்வைக்கு அப்படியே இருக்கிறது. கணக்குக்கு, மேல் பரப்பிலிருந்து 10 கிராமை எடுத்துக் கீழ்ப் பரப்பில் வைத்தது போலத்தான். அப்படியானால் நிறை மையம் இறங்கும் வேகம் இரண்டு பரப்புகளுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. தொடக்கத்தில் அந்தத் தூரம் 45 செ.மீ. 10 கிராமை 45 செ.மீ. இறக்குவது, 600 கிராமையும் சேர்த்து 7.5 மி.மீ. இறக்குவதற்குச் சமம். ஆக நிறை மையம் விநாடிக்கு 7.5 மி.மீ. வேகத்தில் இறங்குகிறது. 30 விநாடி கழித்து மேல் பரப்பு 10 செ.மீ. இறங்கி, கீழ்ப் பரப்பு 10 செ.மீ. ஏறி, தூரம் 25 செ.மீ.க்கு வந்துவிடுகிறது. இப்போது வேகம் சுமார் 4.2 மி.மீ. முடியும் தறுவாயில் தூரம் 5 செ.மீ., வேகம் வெறும் 0.8 மி.மீ.

நிறை மையம் கீழே போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் வேகம் குறைந்துகொண்டே போகிறது. கீழே போகும் ஒன்றின் வேகத்தைக் குறைக்க மேல்நோக்கி விசை வேண்டும். குந்தி உட்கார்ந்து முடிக்கும்போது முள் மேலே எகிறியதே, அதே விஷயம், மிக மிக மெதுவாக. எனவே மணல் சீராக விழுந்துகொண்டிருக்கும்போது கடிகாரம் தன் எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்ட வேண்டும்.

எவ்வளவு கூடுதல்? 30 விநாடியில் வேகம் விநாடிக்கு 3.3 மி.மீ. அளவுக்குக் குறைகிறது. அந்த முடுக்கத்தை 600 கிராமால் பெருக்கினால் சுமார் 7 மில்லிகிராம் எடைக்குச் சமமான விசை வருகிறது. 600 கிராமில் 7 மில்லிகிராம், ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆனாலும் அது பூஜ்யம் இல்லை, அது ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது: கூடுதல், குறைவு அல்ல. சும்மா வாதமாக "எதுவும் வெளியே போகவில்லை, எனவே மாறாது" என்றவர், விடைக்கு மிக அருகில் வந்தும் தவறான காரணத்தைச் சொல்லிவிட்டார்.

இது யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் கட்டிய கற்பனை இல்லை. அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் இதழில் 1967இல் வால்டர் ரீட் என்பவர் மணல் கடிகாரத்தின் எடையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 1985இல் ஷென், ஸ்காட் இருவரும் அதே இதழில் புதிரை மறுபடி கையிலெடுத்தார்கள். 2017இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆகிம் சாக், தோர்ஸ்டன் பேஷல் இருவரும் கோட்பாடு சொல்லும் எண்ணையும் தராசு சொல்லும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அரை நூற்றாண்டு ஒரு பொம்மைக் கடிகாரத்தின் பின்னால் போயிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆரம்பத்தையும் முடிவையும் இன்னும் பார்க்கவில்லை. நாடகம் எல்லாம் அங்கேதான். அடைப்பு திறந்ததும் மணல் விழ ஆரம்பிக்கிறது, ஆனால் முதல் துகள் தரையைத் தொட 0.22 விநாடி ஆகும். அதுவரை அந்தரத்தில் மணல் சேர்ந்துகொண்டே போகிறது, மோதல் எதுவும் இல்லை. தராசின் எண் சரிந்து, 2 கிராமுக்குச் சற்று மேல் குறைந்து, முதல் துகள் மோதியதும் சட்டென்று மீள்கிறது. முடிவில் இது தலைகீழாக நடக்கும். கழுத்திலிருந்து கடைசித் துகள் கிளம்பிவிட்டது. அந்தரத்தில் இருக்கும் மணல் குறைந்துகொண்டே வருகிறது, மோதல் மட்டும் முழு வேகத்தில் நடக்கிறது. கடைசி 5 செ.மீ. விழ 0.1 விநாடி. அந்தச் சிறு நேரத்தில் தராசு 1 கிராம் வரை கூடுதலாகக் காட்டி, பிறகு உண்மையான எடைக்கு வந்து உட்காரும்.

இந்த மூன்று கட்டத்தையும் கூட்டிப் பார்த்தால் ஓர் அழகு தெரியும். கடிகாரம் அசையாமல் ஆரம்பித்து அசையாமல் முடிகிறது. எனவே முழு நேரத்துக்கும் சேர்த்து, குறைந்ததும் கூடியதும் ஈடாகியே தீர வேண்டும். குறைந்த கிராமை விநாடியால் பெருக்கிக் கணக்கு வையுங்கள். தாரை விழத் தொடங்கியதில் 0.25, மேல் குடுவை மணல் நகரத் தொடங்கியதில் 0.2, ஆக தொடக்கக் கடன் 0.45. அடுத்த 60 விநாடியும் 7 மில்லிகிராம் வீதம் தவணை கட்டியதில் 0.4 அடைந்துவிடும். கடைசிக் கணத்தில் எகிறும் அந்த 1 கிராம், 0.1 விநாடியில் மிச்சமிருக்கும் 0.05ஐயும் கட்டிவிடும். கணக்கு நேர்.

இதெல்லாம் மணல் சீராக ஓடினால்தான். அது சீராக ஓடுகிறதா என்று சந்தேகம் வருவது நியாயமே. தண்ணீர்த் தொட்டியில் மட்டம் இறங்க இறங்கக் குழாயில் வேகம் குறையும். மணல் அப்படிச் செய்யாது. துகள்கள் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து நிற்பதால், மேலே இருக்கும் மணலின் பாரத்தில் பெரும்பகுதியைக் குடுவையின் சுவரே தாங்கிக்கொள்கிறது. தானியக் கிடங்குகளில் இப்படி நடப்பதை ஜெர்மன் பொறியாளர் யான்சென் 1895இலேயே எழுதிவிட்டார். அதனால் மேலே ஒரு சாண் மணல் இருந்தாலும் அரைச் சாண் இருந்தாலும் கழுத்தில் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். மணலைக் கடிகாரமாக வைத்துக்கொள்ள முடிவதே இதனால்தான். நிஜக் குடுவைகள் நேர்க் குழாயாக இருக்காது, மேல் மணலில் நடுவே பள்ளம் விழும், கீழே கூம்பாகக் குவியும். அதற்கெல்லாம் எண் கொஞ்சம் மாறும், அடிப்படை மாறாது.

இதே சமன்பாடு மளிகைக் கடையிலும் வேலை செய்கிறது. தராசின் மேல் பையை வைத்து, அள்ளியைச் சாய்த்துச் சர்க்கரையைக் கொட்டுகிறார் கடைக்காரர். எண் 1 கிலோவைத் தொட்டதும் நிறுத்துகிறார். அந்தரத்தில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை வந்துகொண்டிருக்கிறதே, அது நமக்கு லாபமா? மெதுவாகச் சரியவிட்டால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மோதல் விசை அந்தரத்தில் இருப்பதன் எடைக்குச் சமம் என்பதால், கொட்டிக்கொண்டிருக்கும்போது தராசு காட்டுவது, அள்ளியை விட்டுக் கிளம்பிவிட்ட மொத்தச் சர்க்கரையின் எடையை. நிறுத்திய பிறகு மீதி வந்து விழுந்தாலும் 1 கிலோவில்தான் நிற்கும். ஆனால் கையை வீசிக் கீழ்நோக்கி வேகமாக எறிந்தால் கதை வேறு. விநாடிக்கு 100 கிராம் வீதம், அள்ளியை விட்டு வரும்போதே 1 மீட்டர் வேகம் இருந்தால், எண் 10 கிராம் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி நிறுத்தினால் பைக்குள் 990 கிராம்தான் இருக்கும். நிஜத்தில் யாரும் இப்படி ஏமாற்ற முடியாது, எண் அடங்கும்வரை காத்திருந்தால் உண்மை வெளியே வந்துவிடும். அதற்குத்தான் காத்திருக்க வேண்டும்.

பழைய புதிர் ஒன்று: 80 கிலோ மட்டுமே தாங்கும் பாலம், 78 கிலோ மனிதர், கையில் 1 கிலோ பந்துகள் மூன்று. எப்போதும் ஒரு பந்தாவது அந்தரத்தில் இருக்கும்படி மாற்றி மாற்றி எறிந்துகொண்டே போனால் தப்பிக்கலாமா? முடியாது. ஒரு பந்து 0.8 விநாடி காற்றில், 0.4 விநாடி கையில் என்று சுழல்வதாக வையுங்கள். காற்றில் இருக்கும்போது புவியீர்ப்பு இழுத்துக்கொண்டே இருக்கிறது, அதற்கெல்லாம் சேர்த்துக் கை அந்த 0.4 விநாடியிலேயே ஈடு கட்ட வேண்டும். கையில் இருக்கும் நேரத்தில் அந்த 1 கிலோ பந்து சராசரியாக 3 கிலோவாக அழுத்தும். மூன்று பந்துக்கும் சேர்த்துச் சராசரி 81 கிலோவை விட்டு இம்மியும் இறங்காது, அவ்வப்போது அதைத் தாண்டியும் போகும். பாலம் உடையும்.

இன்னொரு பிரபலமான புதிர் பறவை லாரி. மூடிய லாரிக்குள் நூற்றுக்கணக்கான புறாக்கள். பாலம் வந்ததும் ஓட்டுநர் பக்கத் தகட்டைத் தட்டி எல்லாவற்றையும் பறக்க வைக்கிறார், லாரியின் எடை குறையும் என்று நினைத்து. குறையாது. பறவை காற்றில் நிற்க வேண்டுமென்றால் தன் எடைக்கு ஈடான விசையோடு காற்றைக் கீழே தள்ள வேண்டும், அந்தக் காற்று லாரியின் தரையை அழுத்தும். உட்கார்ந்திருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் எம்பிக் கிளம்பும் கணத்தில் எடை கூடவே செய்யும். பக்கங்கள் கம்பி வலையாக இருந்தால்தான் நிலைமை மாறும். தள்ளப்பட்ட காற்றில் ஒரு பகுதி வெளியே போய் ரோட்டை அழுத்தும், லாரியின் எடை அந்த அளவுக்குக் குறையும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லெண்டிங்கின் ஆய்வகம் ஒரு பெட்டி கட்டியது. தரையிலும் கூரையிலும் நுட்பமான விசை உணரிகள். அதற்குள் பாரட்லெட் எனப்படும் மிகச் சிறிய கிளிகளை ஒரு குச்சியிலிருந்து இன்னொரு குச்சிக்குப் பறக்கவிட்டார்கள். 2015இல் வெளியான முடிவுகளின்படி, சிறகு கீழே அடிக்கும்போது பெட்டி உணர்ந்த விசை கிளியின் எடையைப் போல இரண்டு மடங்கு, சிறகு மேலே போகும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கிளியின் எடை வந்துவிடுகிறது. பறவையின் உடலில் எந்தக் கருவியையும் மாட்டாமல், அது பறக்கும் பெட்டியைச் சுற்றி மட்டும் கருவி வைத்து, ஒவ்வொரு சிறகடிப்பின் விசையையும் தனித்தனியாகப் படித்திருக்கிறார்கள்.